பரபரப்புக்குள் பிள்ளையோடு ஆற அமர: மலையகப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"பிள்ளைகள் கண்மூடித் திறப்பதற்குள் வளர்ந்துவிடுவார்கள், ஒவ்வொரு நொடியையும் ரசியுங்கள்" என்று புத்தி சொல்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலும் அவர்கள் பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்கள். இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றில் விடிந்தும் விடியாத நேரத்தில், முதுகில் கூடையும் இடுப்பில் தூக்கக் கலக்கத்தோடு சிணுங்கும் பிள்ளையுமாகத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவை நோக்கிப் படியிறங்கும் ஒரு தாயிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடுமோ என்ற கவலையில் நடப்பவர் நொடியை எங்கே ரசிப்பது? டவுனில் இருப்பவர்கள் நிலையும் பெரிதாக மாறவில்லை. ஏழரைக்குப் பாடசாலை மணி அடிக்கும். ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போகும் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்பது சாரதிக்கே வெளிச்சம்.

ஆகவே இந்த வழிகாட்டி உங்களிடம் புதிதாக நேரம் கேட்கப் போவதில்லை. சமைப்பது, நடப்பது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் எப்படியும் செய்தே ஆக வேண்டிய வேலைகள். அவற்றுள் ஒன்றிரண்டை மட்டும் பிள்ளையின் வேகத்துக்குத் தளர்த்துவது எப்படி என்பதே இங்கே பேச்சு. மற்றவை அவசரமாகவே நடக்கட்டும். ஒரு வயது முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். முன்பள்ளியில் நான் தினமும் பார்ப்பதும் ஏறக்குறைய இந்த வயதினரைத்தான்.

முதற்படி: எந்த அவசரம் யாருடையது என்று பிரித்துப் பாருங்கள்

நம் அவசரங்களில் பாதி கடிகாரம் போடுவது. பெரட்டு, பாடசாலை மணி, பஸ், குழாயில் தண்ணீர் வரும் அந்த ஒரு மணி நேரம். இவற்றோடு மல்லுக்கு நிற்க முடியாது. மற்றப் பாதி பழக்கம் போடுவது. ஞாயிற்றுக்கிழமை, எங்கும் போக வேண்டியதில்லை, அடுப்பில் சோறும் வெந்துவிட்டது. அப்போதும் "சுருக்காகக் குளி, சுருக்காகச் சாப்பிடு, சுருக்காகத் துடை" என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எந்நேரமும் அம்மா துரத்துகிறாள் என்பது மட்டும்தான் தெரியும்.

வரும் ஞாயிறு ஒரு சிறு கணக்கு எடுங்கள். "சுருக்காக" என்று வாயில் வரும்போதெல்லாம் ஒரு கோப்பையில் ஒரு போஞ்சி விதையைப் போடுங்கள். இரவில் எண்ணிப் பார்த்து வெட்கப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த வேலையின்போது விதைகள் அதிகமாக விழுந்தன என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பல வீடுகளில் அது குளிப்பாகத்தான் இருக்கும், அடுத்தது சாப்பாடு. அந்த வேலை பத்து நிமிடம் பிந்தினால் ஞாயிறன்று என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லை என்றால், தளர்த்தத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

இரண்டாம் படி: காலையை முந்திய இரவிலேயே தொடங்குங்கள்

காலையில் பிள்ளையோடு ஐந்து நிமிடம் நிம்மதியாக இருக்க வேண்டுமென்றால், அந்த ஐந்து நிமிடத்தை முதல் நாள் இரவில்தான் சம்பாதிக்க வேண்டும். மலையகத்தில் இதில் பெரிய தலைவலி உடுப்பு. மழைக்காலத்தில் வெள்ளைச் சீருடை காய்வதே இல்லை. விடியற்காலையில் ஈரக் காலுறையை அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பதில்தான் பாதிக் காலை போகிறது. தோய்ப்பதை மாலைக்குத் தள்ளாமல், பாடசாலை விட்டு வந்ததும் கழற்றி அலசிப் போட்டுவிட்டால் அடுப்புச் சூட்டில் இரவுக்குள் காய்ந்துவிடும். சப்பாத்து, புத்தகப்பை, குடை மூன்றும் கதவோரம் இருக்கட்டும். சுடுதண்ணீர் பிளாஸ்கில் இருக்கட்டும். இவ்வளவுதான்.

ஆனால் இதையெல்லாம் விட முக்கியமானது தூக்கம். 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரையின்படி, மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். ஒன்று இரண்டு வயதுக்கு 11 முதல் 14 மணி. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஐந்தரைக்கு எழுப்ப வேண்டிய மூன்று வயதுப் பிள்ளை இரவு எட்டுக்குத் தூங்கினால் ஒன்பதரை மணி நேரம் ஆகிறது. பிள்ளைக்காம்பராவில் பகலில் ஒரு மணி நேரம் தூங்கினால்தான் பத்தரை. தொலைக்காட்சி நாடகம் முடியும் வரை விழித்திருக்கும் பிள்ளை மறுநாள் நுவரெலியாக் குளிரில் எழும்ப மறுத்து அழுவதில் ஆச்சரியம் என்ன? தூக்கம் போதாத பிள்ளையோடு எந்தத் தருணத்தையும் அனுபவிக்க முடியாது, பெற்ற தாயானாலும் சரி.

எழுப்பும் விதத்தில் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்துவதற்குப் பதிலாகப் போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைப் பிடித்துச் சற்றுத் தேய்த்துவிடுங்கள். உங்கள் கை அடுப்படியிலிருந்து வந்த சூட்டோடு இருக்கும். ஒரு நிமிடம்கூட ஆகாது. கத்தி எழுப்புவதற்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது.

மூன்றாம் படி: ஒரே ஒரு வேலையில் பிள்ளைக்கு இடம் கொடுங்கள்

எல்லா வேலையிலும் பிள்ளையைச் சேர்த்தால் வீடு தாங்காது. வாரத்தில் ஓரிரு நாள், ஒரே ஒரு வேலை போதும். என்னைக் கேட்டால் ரொட்டி சுடுவதைத்தான் சொல்வேன். அதில் கத்தி இல்லை, விலையுயர்ந்த பொருள் இல்லை, கெட்டுப்போனாலும் தின்னலாம்.

தட்டில் கோதுமை மாவைக் கொட்டி உப்புப் போடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளையானால் தேங்காய்ப்பூவை அள்ளித் தூவும் வேலையைக் கொடுங்கள். பாதி மாவில் விழும், கால்வாசி வாய்க்குள் போகும், மிச்சம் தரையில். நான்கு வயதுப் பிள்ளை தண்ணீர் ஊற்றிப் பிசையும். முதலில் விரலெல்லாம் களி மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்போது பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அங்கேதான் பெரும்பாலானவர்கள் "இங்கே கொடு" என்று மாவைப் பிடுங்கிவிடுகிறோம். பிடுங்காமல் ஒரு பிடி உலர்ந்த மாவை அந்தக் கையில் தூவிவிட்டுச் சும்மா இருங்கள். உருட்ட உருட்ட விரலிலிருந்து மா தானாக விட்டுவருவதைப் பிள்ளை கண்டுபிடிக்கும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே இத்தனை பாடு.

பிறகு எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றைப் பிள்ளைக்கென்று கொடுத்துவிடுங்கள். அது வட்டமாக வராது. இலங்கைப் படம் மாதிரி வரும், சில நேரம் ஆமை மாதிரி. பிள்ளையின் கை பட்டுப் பட்டு மா சாம்பல் நிறமாகிவிடும். பரவாயில்லை. அதை முதலில் சுடுங்கள், ஓரம் கருகாமல் பார்த்துச் சுடுங்கள், சம்பலோடு முதலில் பரிமாறுங்கள். தாத்தாவின் தட்டில் ஒரு துண்டு வைத்து, "இது யார் சுட்டது தெரியுமா?" என்று பிள்ளையின் காதுபடக் கேட்டுவிடுங்கள்.

எச்சரிக்கை இரண்டு. அடுப்பு வேலை எப்போதும் பெரியவர்களுடையது. ஆறு வயதுப் பிள்ளை நன்றாகத் தட்டிக் கொடுத்தாலும் சூடான தட்டுக்கு அருகே விடக்கூடாது. அடுத்தது புகை. லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டின் குசினியில் விறகடுப்பு என்றால், மா பிசையும் வேலையை இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் நுரையீரலுக்குப் புகை நல்லதல்ல, உங்களுக்கும்தான்.

ரொட்டி சரிவராவிட்டால் போஞ்சி உடைப்பது, கீரை ஆய்வது, காய்ந்த உடுப்பு மடிப்பது என்று எதையும் எடுக்கலாம். பிள்ளை செய்தது கோணலாக இருந்தால் அதன் கண் முன்னால் திருத்தாதீர்கள். காலுறையைத் திருப்பி மடிக்க வேண்டுமானால் அது தூங்கிய பிறகு மடியுங்கள்.

நான்காம் படி: போகும்போது அவசரம், திரும்பும்போது ஆறுதல்

பிள்ளையின் வேகத்தில் நடங்கள் என்று சொன்னால், "பாடசாலைக்குப் பிந்திப் போகச் சொல்கிறீர்களா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. போகும் வழியை விட்டுவிடுங்கள். இழுத்துக்கொண்டே ஓடுங்கள், குற்றமில்லை. திரும்பி வரும் வழிதான் உங்களுடையது. அதிலும் முழு வழியும் வேண்டாம். பஸ் நிறுத்தத்திலிருந்து கோயில் வரை, அல்லது பாலத்திலிருந்து லயத்து முகப்பு வரை என்று ஒரு துண்டை மட்டும் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தத் துண்டில் அது நின்றால் நீங்களும் நிற்க வேண்டும்.

மலையகத்தில் பார்ப்பதற்கு என்ன குறை? ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் புல் வெள்ளையாக உறைந்திருக்கும். மிதித்தால் நொறுங்கும். பனி விலகாத காலைகளில் தேயிலைச் செடிகளின் மேல் சிலந்தி வலைகள் நீர் கோத்து நிற்கும். வெயில் வந்ததும் அவை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இதை முதன்முதலில் கவனிக்கும் பிள்ளை, சிலந்தி வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது என்றே நம்பும். உடனே விளக்கம் சொல்லிக் கெடுக்காதீர்கள். மறுநாள் அதே செடியடியில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

கொழுந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைக்கு அது புதிது. ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கையில் கொடுத்து, மொட்டின் அடிப்புறத்தில் இருக்கும் வெள்ளை மயிரைக் கன்னத்தில் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் செடியை விட்டுவிட்டால் பெரிய மரமாகிவிடும், கவ்வாத்து வெட்டி வெட்டித்தான் இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய அநியாயமாகத் தெரியும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலைக்கும் கவ்வாத்து வரும். உங்கள் பிள்ளை பிறந்த ஆண்டில் வெட்டிய மலை எது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்த மலையைக் காட்டி, "நீ பிறந்தபோது இது வெறும் குச்சி" என்று ஒருமுறை சொன்னால் போதும். அதற்குப் பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பிள்ளையே நின்று தன்னை அளந்துகொள்ளும்.

சில அவசரங்கள் உயிரைக் காப்பவை. குளவி கலைந்த இடத்தில் நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது. மருந்தடித்த மலைக்குள் பிள்ளையை இறக்கக்கூடாது. சிறுத்தை நடமாட்டம் இருக்கும் தோட்டங்களில் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, பதுளைப் பக்கம் டிசம்பரிலிருந்து வடகீழ்ப் பருவமழை, இடையில் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரத்து இடிமழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று படிகளில் எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் தயார்நிலை, சிவப்பு என்றால் வெளியேற்றம். சிவப்பு வந்த பிறகு ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். சாதாரண மழை நாள் என்றால் அட்டையும் சேறும்தான் மிஞ்சும். வீட்டுக்கு வந்ததும் காலிலிருந்து அட்டை எடுப்பதையே ஒரு சடங்காக்கிவிட்ட குடும்பங்கள் உண்டு. உப்புக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது கடைக்குட்டியின் பொறுப்பு.

ஐந்தாம் படி: பேச்சைக் குறைத்துப் பார்வையைக் கூட்டுங்கள்

பிள்ளை ஒரு புழுவைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கும். நாம் உடனே ஆசிரியராகிவிடுவோம். "இது என்ன நிறம்? எத்தனை கால்? இங்கிலிஷில் என்ன?" முன்பள்ளியில் எங்களுக்கே இந்த வியாதி உண்டு. பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காமல் பக்கத்தில் குந்துங்கள். பிள்ளை முதலில் பேசட்டும். அது சொன்னதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அது கை காட்டினால் அந்தப் பக்கம் பாருங்கள். இவ்வளவு எளிதான காரியம் வேறில்லை, இவ்வளவு கடினமானதும் வேறில்லை.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். தாய் தன் கைக்குழந்தையோடு சிரித்துப் பேசி விளையாடுகிறாள். பிறகு சொல்லிவைத்தபடி ஓரிரு நிமிடம் முகத்தை எந்த அசைவும் இல்லாமல் வைத்துக்கொள்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, சத்தமிடுகிறது. ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு கலங்கிப்போகிறது. அந்தக் காலத்தில் கைத்தொலைபேசி கிடையாது. இன்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் முகத்தை ஒருமுறை கண்ணாடியில் பாருங்கள். அந்தச் சோதனைத் தாயின் முகம் அப்படியே தெரியும்.

போனை ஒழித்துக்கட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கொழும்பிலிருக்கும் கணவர் அழைப்பார், சுகவீனமாக இருக்கும் மாமியாரின் செய்தி வரும். ரொட்டி தட்டும் அந்த அரை மணி நேரமும், திரும்பி வரும் அந்த வழித்துண்டும் மட்டும் போன் சாமித் தட்டிலோ பையிலோ இருக்கட்டும், சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு. படம் எடுக்க வேண்டுமென்றால் ஒன்று எடுத்துவிட்டு வைத்துவிடுங்கள். சரியாக வரவில்லை என்று பிள்ளையை மறுபடி சிரிக்கச் சொன்னால் அந்த விளையாட்டு அங்கேயே முடிந்தது. பிள்ளையின் கையில் போன் கொடுப்பதைப் பற்றியும் மேலே சொன்ன உலக சுகாதார நிறுவனப் பரிந்துரையில் கணக்கு இருக்கிறது. ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குறைந்தால் இன்னும் நல்லது.

ஆறாம் படி: எதிர்பார்ப்பையும் ருசிக்கவிடுங்கள்

சிகாகோவிலுள்ள லயோலா பல்கலைக்கழகத்தின் பிரெட் பிரையன்ட் இன்பத்தைச் சுவைக்கும் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். நடந்துகொண்டிருப்பதைச் சுவைக்கலாம், வரப்போவதை எதிர்பார்த்துச் சுவைக்கலாம், நடந்ததை நினைத்துச் சுவைக்கலாம் என்று மூன்று திசை சொல்கிறார். வேலைநாளில் நேரமில்லாத நமக்கு முதலாவதைவிட மற்ற இரண்டும் கைகொடுக்கும். நினைப்பதற்குப் பஸ் பயணமே போதும்.

மாசியில், மன்மதன் ரதி கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிவிட்டால் வாரக்கணக்கில் பொழுதுபட்டால் தப்பு மேளச் சத்தம் கேட்கும். இன்று யார் ரதி வேடம், நாளை எமன் வருவானா என்ற கேள்வியோடுதான் பிள்ளைகள் தூங்கப் போவார்கள். இதைப் பழைய காலத்து விஷயம் என்று தள்ளிவிடாமல், இருக்கிற தோட்டங்களில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சற்று நேரமாவது நில்லுங்கள். மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடியேற்றும் நாளிலிருந்து புளியங்கொட்டைகளை ஒரு டப்பாவில் போட்டுத் தினம் ஒன்றாக எடுக்கவிடலாம். "எப்போது, எப்போது?" என்று நச்சரிக்கும் பிள்ளையைக் கொட்டையை எண்ணச் சொன்னால் உங்களுக்கும் விடுதலை.

ரயில் பயணமும் அப்படித்தான். கொழும்பு பதுளை ரயில்பாதை உலகெங்கிலுமிருந்து ஆட்களை இழுக்கிறது. அந்த வழியிலேயே பிறந்து வளர்ந்த பல பிள்ளைகள் கையசைப்பதோடு சரி. முழுத் தூரமும் போக வேண்டாம், பிள்ளை களைத்துவிடும். ரயில் ஓடும் நாளில் ஹட்டனிலிருந்து கொட்டகலை வரை மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்துப் போங்கள். இடையில் சிங்கமலைச் சுரங்கம் வரும். இந்தப் பாதையிலேயே நீளமானது, அரைக் கிலோமீட்டருக்கு மேல். பெட்டி இருண்டதும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஊளையிடுவார்கள். உங்கள் பிள்ளையையும் ஊளையிடவிடுங்கள். பதுளைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெமோதரை இருக்கிறது. ரயில் நிலையத்தை விட்டுப் புறப்பட்டு மலையைச் சுற்றி வந்து, அந்த நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள்ளேயே நுழையும். மேலே நின்றிருந்த இடத்துக்குக் கீழே எப்படி வந்தோம் என்று ஐந்து வயதுப் பிள்ளை யோசிப்பதை ஒருமுறை பார்க்க வேண்டும். இன்னும் உயரம் வேண்டுமென்றால் பட்டிப்பொல, கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர், நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். கம்பளிச் சட்டையை மறக்காதீர்கள்.

ஏழாம் படி: இரவில் ஒரு பேச்சு

விளக்கணைத்த பிறகு ஐந்து நிமிடம் போதும். அன்றைய நாளிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப் பேசுங்கள். எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "இன்று ரயிலில் போனோம் அல்லவா? பிடித்ததா?" என்று கேட்டால் "ம்" என்பதோடு பிள்ளை படுத்துவிடும். "சுரங்கத்துக்குள் போனபோது நீ என் கையை என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். "கிள்ளினேன்." "ஏன் கிள்ளினாய்?" "அங்கே ஒரு பேய் இருந்தது." "பிறகு அந்தப் பேய் எங்கே போனது?" இப்படியே நீளும். பேய் இருந்ததா இல்லையா என்ற வழக்கைத் தீர்க்க வேண்டியதில்லை.

ரொபின் பைவுஷ், இலேன் ரீஸ் ஆகிய ஆய்வாளர்கள் இதைத்தான் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். நடந்ததை விரிவாகப் பேசி, திறந்த கேள்வி கேட்டு, பிள்ளை சொன்னதன் மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்குத் தம் வாழ்வைப் பற்றிய நினைவு செழிப்பாக அமைகிறது. மூன்று, மூன்றரை வயதுக்கு முந்திய நிகழ்ச்சிகள் பெரியவர்கள் யாருக்கும் பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை. இன்று இரண்டு வயதுப் பிள்ளையோடு சுட்ட ரொட்டி நாளை உங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கும். அதைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைக்கும் கொடுக்கலாம்.

வீட்டில் அப்பாயி, அம்மாயி இருந்தால் இந்தப் பொறுப்பில் பாதியை அவர்களிடம் கொடுங்கள். தகரக் கூரையில் மழை அடிக்கும் இரவில் அவர்கள் பாடும் தாலாட்டில் இருப்பது நம் குடும்பத்துச் சரித்திரம். அப்படிப்பட்ட பாடல்களைத் தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் தொகுத்தவர் சி.வி.வேலுப்பிள்ளை. இல்லாவிட்டால் பலவும் அழிந்திருக்கும். 1823இல் கோப்பித் தோட்டத்துக்கென்று தமிழகத்திலிருந்து தொடங்கிய நம்மவர் வருகைக்கு 200 ஆண்டு நிறைந்ததை 2023இல் பெரிதாக நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரில் இறங்கி நடந்து வந்த கதையைப் பிள்ளை முதலில் கேட்க வேண்டியது மேடையிலா, அப்பாயி மடியிலா? உங்கள் போனில் அந்தக் குரலை ஒருமுறை பதிவுசெய்தும் வையுங்கள்.

தூரத்தில் இருக்கும் அப்பா, அம்மா

அப்பா கொழும்பில் கடையில், அம்மா சவூதியிலோ குவைத்திலோ. இப்படி எத்தனை வீடுகள். இவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது என்று நினைக்கலாம். எதிர்பார்ப்பும் நினைவும் தூரத்திலிருந்தும் நடக்கும். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம் என்று அழைப்பை நிலைப்படுத்துங்கள். அதற்காகப் பிள்ளை காத்திருக்கும். "சாப்பிட்டாயா, படித்தாயா, பாட்டி சொல் கேட்டாயா" என்ற மூன்று கேள்வியோடு முடித்துக்கொண்டால் பிள்ளை போனை விட்டு ஓடிவிடும். "இந்த வாரம் கண்டெடுத்த ஒன்றைக் காட்டு" என்று சொல்லுங்கள். ஒரு கல்லோ கோழி இறகோ, விழுந்த பல்லோ. அதைப் பற்றியே பேசுங்கள். அடுத்த வாரம் அதே கல்லை விசாரியுங்கள். பிள்ளையை வைத்துப் பார்க்கும் பெரியவர்கள் அந்தப் பொருளைக் குப்பை என்று வீசிவிடாமல் ஒரு டின்னில் போட்டுவைக்க வேண்டும். ஊருக்கு வரும்போது முதலில் திறப்பது அந்த டின்னாக இருக்கட்டும், கொண்டுவந்த பெட்டி அடுத்தது.

சரிப்படாத நாட்கள்

பிள்ளை மாவைத் தரையில் கொட்டி அழும். நீங்கள் நாள் முழுக்கக் கொழுந்து சுமந்த தோளோடு வந்திருப்பீர்கள், நிறுவையில் கிலோ குறைந்த எரிச்சலும் இருக்கும். அன்றைக்கு ரசிக்க ஒன்றும் இல்லை. கட்டாயப்படுத்தி ரசிக்கவும் வேண்டாம். டொனால்ட் வினிகொட் என்ற பிரித்தானியக் குழந்தை மருத்துவர் 1950களிலேயே, பிள்ளைக்கு வேண்டியது குறையே இல்லாத தாய் அல்ல, போதுமான அளவு நல்ல தாய் போதும் என்று எழுதினார். ட்ரோனிக்கும் பிற்காலத்தில் இதையே வேறு விதமாகச் சொன்னார். தாயும் குழந்தையும் பெரும்பகுதி நேரம் ஒத்துப்போவதில்லை. விலகிப் போன பிறகு திரும்பச் சேர்ந்துகொள்வதில்தான் உறவு வளர்கிறது. அதட்டிவிட்டீர்களா, தூங்குமுன் பக்கத்தில் படுத்து முதுகைத் தடவிக்கொடுங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம்.

களைத்த வாரங்களுக்கு என்று நாட்காட்டியிலேயே ஒரு நாள் இருக்கிறது. இந்த நாட்டில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. மாதம் ஒருமுறை அன்று மாலை மட்டும் பிள்ளையோடு கோயில் முற்றத்துக்கோ மைதானத்துக்கோ ஏறிப்போய் நிலா வருவதைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை மூடினால் அடுத்த மாதம். தேத்தண்ணீர்ப் போத்தலும் மிச்ச ரொட்டியும் போதும், காசு செலவில்லை.

தரம் ஒன்றுக்குப் பிறகு

ஐந்து வயது நிறைந்து தரம் ஒன்றில் சேர்ந்ததும் பொழுதின் கணக்கு மாறும். வீட்டுப்பாடம் வரும், திரும்பும் வழியில் கூட்டாளிகள் வருவார்கள். உங்கள் கையை விட்டுவிட்டு அவர்களோடு ஓடுவது நல்ல அறிகுறிதான், மனம் சுண்டாதீர்கள். வழித்துண்டை விட்டுக்கொடுத்துவிட்டு இரவுப் பேச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உண்மையான நெருக்கடி தரம் மூன்று, நான்கில் தொடங்குகிறது. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை இந்த நாட்டில் பிள்ளைகளைவிடப் பெற்றோரை அதிகம் வாட்டுகிறது. மாலை வகுப்பு, சனி வகுப்பு, ஞாயிறு வகுப்பு என்று ஒவ்வொரு பொழுதாகப் போய்விடும். வகுப்பில் சேர்க்கும் அன்றே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், வாரத்தில் இன்ன மாலைக்குப் பிள்ளை வராது என்று. காரணம் கேட்டால் வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லுங்கள். பொய்யில்லை, ரொட்டி தட்ட வேண்டும். மேலதிக வகுப்பு, மாதிரி வினாத்தாள், விசேட கருத்தரங்கு என்று எது வந்தாலும் அந்த ஒரு மாலையை மாற்றிக்கொடுக்காதீர்கள். ஒருமுறை மாற்றினால் பிறகு திரும்பக் கிடைக்காது.